அக்காவுக்கு எட்டாத மருந்து

இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. பெயர் சான் ரஃபயேல். எம்.எல்.டி என்ற மூளை நோய்க்காக அங்கே சிகிச்சை பெற்ற கைக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வீட்டில் ஓர் அக்காவோ அண்ணனோ இருந்தார்கள். மூத்த குழந்தைக்கும் அதே நோய்தான். அது நடக்கையில் தடுமாறியதால்தான் வீட்டில் இப்படியொரு நோய் இருப்பதே தெரியவந்தது. பெற்றோர் பதறிப்போய் இளைய குழந்தைக்கும் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அதற்கும் இருக்கிறது. ஆனால் அது சிரிக்கிறது, தவழ்கிறது, எந்தக் குறையும் தெரியவில்லை. மருத்துவர் சொல்கிறார்: சின்னவளுக்கு வைத்தியம் செய்யலாம், பெரியவளுக்கு முடியாது.

இந்த நோயைப் பற்றி வாசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்திருப்பது இந்த வாக்கியம்தான். மருந்து ஒன்றுதான், நோயும் ஒன்றுதான், பெற்றோரும் ஒருவர்தான். ஒரு குழந்தைக்கு உதவும் மருந்து மற்றொன்றுக்கு ஏன் உதவாது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முழுப்பெயர் மெட்டாகுரோமாட்டிக் லூகோடிஸ்ட்ரோபி. பெயர் மிரட்டினாலும் பொருள் எளிது. நோயுற்ற நரம்புத் துணுக்கை எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், அதில் தேங்கியிருக்கும் கொழுப்புப் பொருள் சாயத்தின் நிறத்தையே மாற்றிக் காட்டும். அதிலிருந்து வந்ததுதான் முதல் பாதி. இரண்டாம் பாதி, மூளையின் வெள்ளைப் பகுதி சிதைகிறது என்று சொல்கிறது. வெள்ளைப் பகுதி என்பது நரம்பு இழைகள் ஓடும் இடம். கரண்டு கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல ஒவ்வொரு இழைக்கும் மைலின் என்ற உறை உண்டு. அது நல்லபடியாக இருந்தால்தான் மூளையின் கட்டளை காலுக்கும் கைக்கும் நாக்குக்கும் போய்ச் சேரும்.

மைலினில் சல்ஃபடைட் என்று ஒரு கொழுப்பு இருக்கிறது. உடலில் எதுவும் அப்படியே கிடப்பதில்லை. பழையதை உடைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும். செல்லுக்குள் லைசோசோம் என்ற சின்னப் பைகள் இந்த உடைக்கும் வேலையைச் செய்கின்றன. சல்ஃபடைட்டை உடைக்க அரைல்சல்ஃபடேஸ் ஏ என்ற என்சைம் வேண்டும். அதற்கான மரபணு 22ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அம்மா வழி வந்த பிரதி, அப்பா வழி வந்த பிரதி இரண்டுமே பழுதாக இருந்தால் என்சைம் கிடைக்காது. உடையாத சல்ஃபடைட் தேங்கும், மைலின் அழியும்.

பெற்றோர் இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஆளுக்கு ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருக்கும், அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வருவதற்கு. ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது என்பதால் அடுத்ததற்கு அந்த வாய்ப்பு குறையாது. சொந்தத்துக்குள் திருமணம் செய்தவர்களிடம், இருவருமே ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். மாமன் மகள், அத்தை மகன் உறவில் கட்டிக்கொடுப்பது இன்றும் சாதாரணமாக இருக்கும் நம் பக்கத்தில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெரிந்து வைத்திருக்கத்தான் சொல்கிறேன், யாரையும் குற்றவாளியாக்க இல்லை. சொந்தத்தில் மணம் செய்யாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.

அமெரிக்காவில் சுமார் 40,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது ஒரு கணக்கு. மிகக் கொடிய வகை இரண்டரை வயதுக்குள் தலைகாட்டும். ஒரு வயதில் நடக்கத் தொடங்கிய குழந்தை, ஒன்றரை வயது வாக்கில் அடிக்கடி விழும். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாக் குழந்தைகளும் விழுந்து எழுந்துதானே நடக்கின்றன! கால் எலும்பில் கோளாறோ என்று பார்ப்பதும் உண்டு. அப்புறம் நடை நின்றுபோகும். பேசிய வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். விழுங்குவதே கஷ்டமாகும். கற்றுக்கொண்டதையெல்லாம் குழந்தை திருப்பிக் கொடுப்பதைப் பெற்றோர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சில ஆண்டுகளில் உயிர் போய்விடும்.

என்சைம் இல்லை என்றால் அதைத் தயாரித்து ஊசியில் ஏற்றலாமே என்று தோன்றும். இதுபோல லைசோசோம் என்சைம் குறைந்து கழிவு தேங்கும் வேறு சில நோய்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அவற்றில் ஒன்றான கோஷர் நோய்க்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்சைமை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். கல்லீரலும் மண்ணீரலும் சுருங்கி நல்ல நிலைக்கு வரும். மூளை விஷயத்தில் இது நடக்காது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களின் சுவர், வேறெங்கும் இல்லாத அளவுக்கு இறுக்கமாகப் பின்னப்பட்டது. என்சைம் போன்ற பெரிய மூலக்கூறு அதைத் தாண்டாது. விஷத்திடமிருந்தும் கிருமியிடமிருந்தும் மூளையைக் காக்கும் அதே சுவர்தான் மருந்தையும் வெளியே நிறுத்துகிறது.

வழி திறந்தது 1968இல், யாரும் மூளையைப் பற்றி யோசிக்காத ஓர் ஆய்வில். அமெரிக்காவின் பெதஸ்டாவில் எலிசபெத் நியூஃபெல்டும் அவருடைய சகாக்களும் இரண்டு வேறு நோய்களைச் சேர்ந்த தோல் செல்களை ஒரே தட்டில் கலந்து வளர்த்தார்கள். ஒன்று ஹர்லர் நோயாளியினுடையது, மற்றொன்று ஹண்டர் நோயாளியினுடையது. இரண்டுமே கழிவு தேங்கும் நோய்கள்தான், ஆனால் இல்லாத என்சைம் வேறு வேறு. தனித்தனியே வளர்த்தபோது இரண்டிலும் கழிவு தேங்கியது. கலந்து வளர்த்தபோது இரண்டுமே சரியாகிவிட்டன! ஒரு செல் தன்னிடமிருக்கும் என்சைமில் கொஞ்சத்தை வெளியே விடுகிறது, பக்கத்துச் செல் அதை எடுத்துத் தன் லைசோசோமுக்கு அனுப்பிக்கொள்கிறது. பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்குவது மாதிரி. எல்லா வீட்டிலும் தயிர் இருக்க வேண்டியதில்லை, தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தால் போதும்.

அந்த ஒரு வீட்டை மூளைக்குள் எப்படிக் குடியேற்றுவது? அதற்கு ரத்தம் கைகொடுத்தது. மூளையில் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் இருக்கின்றன. சாதாரணமாக அவை தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் புசல்ஃபான் என்ற மருந்தைக் கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்துவிட்டு, ரத்தச் செல்களுக்கெல்லாம் தாயான ஸ்டெம் செல்களைப் புதிதாக ஏற்றினால், அவற்றிலிருந்து உருவாகும் செல்களில் ஒரு பகுதி ரத்தத்தோடு போய்ச் சுவரைத் தாண்டி மூளைக்குள் நுழைந்து, மைக்ரோக்ளியா மாதிரியே அங்கே தங்கிவிடுகின்றன. என்சைம் தாண்ட முடியாத சுவரை உயிருள்ள செல் தாண்டுகிறது. தாண்டியபின் என்சைமை அங்கேயே தயாரித்துச் சுற்றியுள்ள செல்களுக்கும் கொடுக்கிறது. புசல்ஃபான் தானும் மூளைக்குள் போகும் மருந்து என்பது இதில் முக்கியம். பழைய காவலர்களை அது ஓரளவு ஒதுக்கி, புதியவர்களுக்கு இடம் பண்ணித் தருகிறது.

1981இல் லண்டனில் ஹாப்ஸ் என்ற மருத்துவரின் குழு, ஹர்லர் நோயுள்ள குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்த செய்தியை வெளியிட்டது. அதன் பிறகு எம்.எல்.டி.க்கும் பல இடங்களில் முயன்றார்கள். மெதுவாக வளரும் வகைகளில் சிலருக்குப் பலன் தெரிந்தது. சின்னக் குழந்தைகளுக்கு வரும் வேகமான வகையில் ஏமாற்றம்தான். காரணம் நேரம். புதிய செல்கள் மூளைக்குள் போய்ப் போதுமான அளவு பரவ மாதக்கணக்கில், சில நேரம் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் நோய் முந்திக்கொள்ளும். தவிர, தானம் தந்தவரின் செல் இயல்பான அளவு என்சைமைத்தான் தயாரிக்கும். சுற்றிலும் எதுவுமே தயாரிக்காத மூளைக்கு அது போதவில்லை.

அப்படியானால் குழந்தையின் சொந்தச் செல்லையே எடுத்து, அதில் நல்ல மரபணுவை நுழைத்து, இயல்பைவிடப் பல மடங்கு என்சைம் தயாரிக்க வைத்தால்? மிலானில் உள்ள சான் ரஃபயேல் டெலிதான் மரபணு சிகிச்சை நிறுவனம் பிடித்துக்கொண்ட யோசனை இதுதான். டெலிதான் என்பது அரிய நோய்களின் ஆராய்ச்சிக்காக இத்தாலிய மக்களிடம் தொலைக்காட்சி மூலம் நன்கொடை திரட்டும் அறக்கட்டளை. லாபம் வராது என்று பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத காலத்தில் சாதாரண மக்கள் போட்ட பணம் இந்த ஆராய்ச்சியைத் தாங்கியது. மருந்தின் விலைக்கு வரும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோக வாகனம் வேண்டும். அவர்கள் எடுத்த வாகனம் எச்.ஐ.வி. கேட்டதும் திடுக்கிடும். ஆனால் நோய் உண்டாக்கும் பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மரபணுவைச் செல்லின் டி.என்.ஏ.வில் கொண்டுபோய்ச் சேர்க்கும் திறமையை மட்டும் விட்டுவைத்த வெற்றுக் கூடு அது. 1996இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வகத்தில் இதை உருவாக்கியவர்களில் ஒருவர் லூயிஜி நால்டினி. அவரே பிறகு மிலான் நிறுவனத்தின் தலைவராகி இந்த வேலையை முன்னெடுத்தார். அலெசாண்ட்ரா பிஃபி என்ற மருத்துவர் அதைக் குழந்தைகளிடம் கொண்டுவந்தார். முதல் மூன்று குழந்தைகளின் முடிவுகள் 2013இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தன. குடும்பங்களின் முன் அனுபவப்படி நோய் வெளிப்பட்டிருக்க வேண்டிய வயதைத் தாண்டியும் அந்த மூவரிடம் நோய் தெரியவில்லை.

சிகிச்சை நடக்கும் விதம் இது. குழந்தையின் மஜ்ஜையிலிருந்தோ, ஊசி போட்டு ரத்தத்துக்கு வரவழைத்த பின் ரத்தத்திலிருந்தோ ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆய்வகத்தில் அவற்றை வைரஸ் கூட்டோடு சேர்த்து வைக்கிறார்கள், மரபணு உள்ளே போகிறது. தரம் பார்த்து உறைய வைக்கிறார்கள். குழந்தைக்குப் புசல்ஃபான் கீமோ கொடுக்கிறார்கள். பிறகு ரத்தம் ஏற்றுவதுபோலவே ஒரு சின்னப் பையிலிருந்து அதன் சொந்தச் செல்லை அதற்கே திருப்பி ஏற்றுகிறார்கள். ஏற்றும் நேரம் சொற்பம். அதன்பின் எதிர்ப்பு சக்தியே இல்லாத நிலையில் வாரக்கணக்கில் தனி அறை. முடி கொட்டும், வாய் புண்ணாகும், காய்ச்சல் வரும், பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகலாம். சொந்தச் செல் என்பதால் தானம் செய்தவரின் செல்கள் உடலைத் தாக்கும் ஆபத்து மட்டும் இல்லை.

இந்த வேதனையை யார் தாங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். எந்த நோயும் வெளியே தெரியாத, கொழுகொழுவென்று இருக்கும் ஒரு குழந்தை. காகிதத்தில் இருக்கும் ஒரு பரிசோதனை முடிவை நம்பி அதைக் கீமோவுக்கு ஒப்படைக்கக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெற்றோருக்கு அந்தத் துணிவைத் தருவது பெரும்பாலும் வீட்டில் படுத்திருக்கும் மூத்த குழந்தைதான்.

பலன் என்ன? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மார்ச்சில் இந்தச் சிகிச்சைக்கு லென்மெல்டி என்ற பெயரில் அனுமதி தந்தபோது 37 குழந்தைகளின் விவரங்களைப் பார்த்தது. ஐரோப்பாவில் லிப்மெல்டி என்ற பெயரில் 2020 டிசம்பரிலேயே அனுமதி கிடைத்திருந்தது. வேகமான வகை நோய் உள்ளவர்களில், அறிகுறி வரும் முன்பே சிகிச்சை பெற்ற எல்லாக் குழந்தைகளும் ஆறு வயதில் உயிருடன் இருந்தார்கள். சிகிச்சை இல்லாதவர்களில் 58 சதவீதம்தான். ஐந்து வயதில், சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் யார் துணையும் இல்லாமல் நடந்தார்கள். 85 சதவீதம் பேருக்கு மொழித் திறனும் அறிவுத் திறனும் இயல்பாக இருந்தன. சிகிச்சை இல்லாத குழந்தைகளில் இப்படி ஒன்று கேள்விப்பட்டதே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் தொங்குவது "அறிகுறி வரும் முன்பே" என்ற மூன்று சொல்லில். அறிகுறி தொடங்கிவிட்ட பிறகு சிகிச்சை பெற்ற சில குழந்தைகளுக்கு நோய் நிற்கவில்லை. அவர்களில் இறந்தவர்களும் உண்டு. அழிந்துபோன மைலினைப் புதிய செல்கள் திரும்பக் கட்டித் தருவதில்லை. மிச்சம் இருப்பதைத்தான் காக்கின்றன, அதுவும் அவை மூளைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு. நடுவிலுள்ள மாதங்களில் நோய் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தடுமாற ஆரம்பித்துவிட்ட அக்காவுக்கு அந்த மாதங்கள் இல்லை.

இதே முறை, பக்கத்து நோய் ஒன்றில் வேறொரு பாடத்தையும் கற்றுத் தந்தது. ஏ.எல்.டி என்ற அட்ரினோலூகோடிஸ்ட்ரோபி ஆண் குழந்தைகளின் மூளையைத் தாக்கும். மிக நீளமான கொழுப்பு அமிலங்கள் உடையாமல் தேங்கும் நோய் அது. பாரிஸில் பேட்ரிக் ஓபூர், நதாலி கார்த்தியே குழுவினர் இரண்டு சிறுவர்களுக்கு எச்.ஐ.வி கூட்டின் வழியே மரபணு சிகிச்சை செய்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்த ஸ்டெம் செல்களுக்கு இந்தக் கூட்டைப் பயன்படுத்திய முதல் சிகிச்சை அதுதான். சுமார் 15 சதவீத ரத்தச் செல்களில்தான் திருத்திய மரபணு இருந்தது. அதுவே மூளைச் சிதைவை நிறுத்தப் போதுமானதாக இருந்தது. இதில் வியப்பு என்னவென்றால், ஏ.எல்.டி.யில் பழுதான புரதம் செல்லின் உள் உறுப்பு ஒன்றின் சவ்வில் பதிந்திருப்பது. அதைப் பக்கத்துச் செல்லுக்குக் கடன் கொடுக்க முடியாது. உறை மோர்க் கணக்கு இங்கே செல்லாது. புதிய காவல் செல்கள் வந்ததும் மூளையில் எரியும் அழற்சி அடங்குகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

அமெரிக்காவில் ஸ்கைசோனா என்ற பெயரில் 2022இல் ஏ.எல்.டி.க்கான இன்னொரு மரபணு சிகிச்சை அனுமதி பெற்றது. அது நிறையச் சிறுவர்களின் மூளையைக் காத்தது. ஆனால் 2024இல் வந்த அறிக்கை, அந்தச் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் ஏழு பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாகச் சொன்னது. நுழைத்த மரபணு டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்த இடமும், அதை முடுக்கிவிட வைத்திருந்த வலுவான தூண்டுதலும் சேர்ந்து பக்கத்திலிருந்த புற்றுநோய் மரபணுவை எழுப்பிவிட்டன. எம்.எல்.டி சிகிச்சையில் பயன்படும் தூண்டுதல் வேறு, மனித மரபணுவிலிருந்தே எடுத்த மிதமான ஒன்று. அனுமதிக்காகப் பரிசீலித்த குழந்தைகளில் யாருக்கும் அப்படிப் புற்றுநோய் வரவில்லை. இதை வைத்து ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாகனம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது, குழந்தைகளை நீண்ட காலம் கண்காணித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒன்றின் குற்றத்தை மற்றொன்றின் தலையில் கட்டுவதும் தவறு.

இனி விலை. லென்மெல்டிக்கு அமெரிக்காவில் வைத்த விலை 42.5 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 35 கோடி ரூபாய். அன்றைக்கு உலகிலேயே விலை கூடிய மருந்து அதுதான். இங்கிலாந்தில் அறிவித்த விலை 28 லட்சம் பவுண்டு. அரசு மருத்துவச் சேவை 2022இல் பேரம் பேசிக் குறைத்து, தன் குழந்தைகளுக்கு இலவசமாகத் தருகிறது. நன்கொடையில் பிறந்த ஆராய்ச்சி, கம்பெனிகள் கைமாறி, இந்த விலையில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகத் தயாரிக்க வேண்டிய மருந்து, வருடத்துக்கு வாங்குபவர்களோ மிகச் சிலர், அதனால் விலை கூடத்தான் செய்யும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் 35 கோடி என்பதற்கு அது முழு விளக்கம் ஆகாது என்பது என் எண்ணம்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி, அரசு தேர்ந்தெடுத்த மையங்களில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு அது உதவும். ஆரம்ப நிலை ஏ.எல்.டி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. மிலான் மருந்துக்கு அது எட்டாது. ஆனால் இந்தத் தொழில்நுட்பமே நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய்க்கு ஏறக்குறைய இதே முறையைக் கையாண்டது. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல், எச்.ஐ.வி வகைக் கூடு, கீமோ, திருப்பி ஏற்றுதல். ஐந்து பேருக்குச் செய்தார்கள், ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு நின்றது. 2024 டிசம்பரில் அதன் முடிவுகள் வந்தன. மூளை நோய்க்கும் இதே படிகள்தான், உள்ளே வைக்கும் மரபணு வேறு. மிலானுக்குப் போக முடியாத குடும்பங்களுக்கு நம்பிக்கை எங்கிருந்தாவது வரும் என்றால் அது இந்தப் பக்கமிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன்.

சரி, மருந்து இருக்கிறது, ஒருநாள் விலையும் குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டின் முதல் குழந்தையை எப்படிக் காப்பது? அறிகுறி வரும் முன் அதற்கு நோய் இருப்பது யாருக்குத் தெரியும்?

பிறந்த இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் இதற்கு வழி. பல நாடுகளில் அந்தச் சொட்டை ஓர் அட்டையில் காயவைத்துப் பல நோய்களுக்குச் சோதிக்கிறார்கள். எம்.எல்.டி அந்தப் பட்டியலில் சேரத் தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த என்சைம் மிகக் குறைவாக இருந்தும் வாழ்நாள் முழுக்க எந்த நோயும் வராத மனிதர்கள் ஏராளம் இருக்கிறார்கள். என்சைமை மட்டும் அளந்தால் நல்ல குழந்தைகளின் பெற்றோர்களையெல்லாம் பயமுறுத்தியாகிவிடும். சியாட்டிலில் மைக்கேல் கெல்ப் என்ற வேதியியலாளரின் குழு இதைத் திருப்பிப் போட்டது. முதலில் தேங்கிய சல்ஃபடைட்டை அள, அது கூடுதலாக இருந்தால் மட்டும் என்சைமைப் பார், அப்புறம் மரபணுவைப் பார்.

இந்த வரிசையில் ஜெர்மனியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று குழந்தைகளுக்கு நோய் இருப்பது தெரிந்தது. மூன்றும் அப்போது தொட்டிலில் இருந்தன. ஓர் அக்கா தடுமாறி விழும்வரை அங்கே யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.